கடற்காற்று வரும் வீட்டுக்கு ஒரு கொன்சோல் மேசை: கொழும்பில் கடலோரப் பாணி அலங்காரம், முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் லேன்களில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் துடைத்த யன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்த விரலை நாக்கில் வைத்தால் உப்பு. கரையோர ரயில் கடந்து போகும்போது கண்ணாடி லேசாக அதிரும். அது அடங்கியதும் அலைச் சத்தம் கேட்கும். பம்பலப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை எங்கும் இதே கதைதான். நம் வீடுகளுக்குள் கடல் கேட்காமலேயே வந்து போகிறது.

அப்படிப்பட்ட வீட்டில் கடலோரப் பாணியில் ஒரு மேசையை அலங்கரிக்க நினைத்துக் கடைக்குப் போனால், நீல நங்கூரமும் பிளாஸ்டிக் நட்சத்திர மீனும்தான் கிடைக்கின்றன. கடலை வருஷத்தில் ஒரு வாரம் பார்க்கிறவர்களுக்காகச் செய்த பொருட்கள் அவை. எந்தக் கரையையும் அவை நினைவுபடுத்துவதில்லை. உப்புக் காற்றில் ஒரு வருஷம்கூடத் தாங்குவதும் இல்லை.

கொழும்பில் இருக்கும் தமிழர் பலருக்குச் சொந்தக் கரை வேறெங்கோ இருக்கிறது. ஒருவருக்குப் பருத்தித்துறை, இன்னொருவருக்கு மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை, நீர்கொழும்பு. ஆகவே கடலோரப் பாணி என்று தொடங்குகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுடைய கரை எது?" என்பதைத்தான். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறம், பொருள், கூடை எல்லாவற்றையும் தெரிவு செய்வது சுலபம்.

முதல் வேலை: கரையைத் தெரிவு செய்து நிறத்தை எடுப்பது

ஒரு கடலின் நிறம் இன்னொரு கடலுக்கு இல்லை. காரைநகர் கசூரினா கடற்கரையில் ஆழமில்லாத தண்ணீர் வெளிர் பச்சையாக இருக்கும், மணல் வெள்ளையாக இருக்கும். பாசிக்குடாவில் அதே பச்சை இன்னும் நீலம் கலந்து தெரியும். காலி முகத்திடலில் ஜூன் மாதம் நின்று பார்த்தால் கடல் சாம்பல் கலந்த பச்சை, அதன் மேல் அழுக்கு வெள்ளை நுரை. ஜனவரி மாலையில் அதே இடம் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும்.

வீட்டில் இருக்கும் பழைய படங்களைப் பாருங்கள். ஊருக்குப் போனபோது போனில் எடுத்த படம் ஒன்று போதும். அதிலிருந்து மூன்று நிறங்களை மட்டும் எடுங்கள். ஒன்று மணல், மற்றது தண்ணீர், மூன்றாவது அந்தக் கரையில் கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பொருள். வள்ளத்தின் விளிம்பில் பூசிய சிவப்பாக இருக்கலாம், வலையின் கடும் பச்சையாக இருக்கலாம். மேசையிலும் சுவரிலும் மணல் நிறம்தான் அதிகம் தெரிய வேண்டும், தண்ணீர் நிறம் அதில் பாதி. மூன்றாவது நிறம் ஒரேயொரு பொருளில் வந்தால் போதும். அதை இரண்டு மூன்று இடங்களில் தூவினால் அதன் வலு போய்விடும்.

வெள்ளையை மட்டும் கவனமாக எடுங்கள். நீலம் கலந்த பளீர் வெள்ளைப் பெயின்ற், மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் கண்ணைக் கூசும். இரவில் வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரித் தெரியும். கொஞ்சம் மஞ்சளோ சாம்பலோ கலந்த வெள்ளைதான் மணலுக்குக் கிட்டவாக வரும்.

கொழும்பு 3, 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டை இப்போதும் முன்பதிவு செய்து பார்க்கலாம். வெள்ளைச் சுவர், அதன் முன்னால் பழைய மரம், அளவாக உள்ளே விடப்பட்ட வெளிச்சம். இந்த மூன்றையும் வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். மேசை வாங்குவதற்கு முன் ஒரு தடவை போய் வருவது நல்லது.

இடத்தை அளத்தல்

கொன்சோல் மேசை என்பது சுவரோடு ஒட்டி நிற்கும் ஒடுங்கிய, நீளமான மேசை. வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் நடை, ஹோலின் நீளச் சுவர், செற்றியின் முதுகுப் பக்கம் எல்லாம் அதற்குப் பொருத்தமான இடங்கள்.

வழக்கமான உயரம் 30 முதல் 32 அங்குலம். அகலம் 12 முதல் 16 அங்குலம். வெள்ளவத்தை பிளாட்டுகளில் நடை ஒடுக்கமானது, ஆகவே 10 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். மேசைக்கு முன்னால் 3 அடி நடக்க இடம் விட வேண்டும். அரிசி மூட்டையோடு ஒருவர் உள்ளே வரும்போது இடுப்பு இடிக்கக் கூடாது. செற்றிக்குப் பின்னால் வைப்பதானால் முதுகுச் சாய்வை விட உயரம் கூடக் கூடாது.

ஒரு பழைய பத்திரிகையை மேசையின் அளவுக்கு வெட்டி நிலத்தில் ஒட்டி, இரண்டு நாள் அதைத் தாண்டி நடந்து பாருங்கள். வீட்டில் எல்லோருடைய காலும் அதை மிதித்தால் அளவைக் குறையுங்கள்.

அப்புறம், வெயிலும் காற்றும். கொழும்பின் கடல் மேற்கே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும். அந்த மாதங்களில் மேற்குப் பார்த்த யன்னலுக்கு நேரே எது இருந்தாலும் அதன் மேல் உப்பு படியும். மேசையை அந்த யன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எவ்வளவு உப்பு வருகிறது என்று தெரிய வேண்டுமானால், வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு கண்ணாடித் தட்டை ஒரு வாரம் விட்டு, பிறகு ஒரு கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைப் படிவு ஒட்டினால், இரும்புப் பொருள் எதையும் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

மேசை எதால் செய்ததாக இருக்க வேண்டும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

நான் முதலில் வாங்கியது எம்.டி.எஃப். பலகையில் செய்த வெள்ளை மேசை. கடையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மார்ச்சில் வந்தது. ஜூன் மழையில் ஒரு நாள் நிலத்தைத் துடைத்த ஈரம் கால்களில் ஏறி, அடிப்பகுதி பாலில் நனைந்த பாண் மாதிரி ஊதி விரிந்தது. ஓகஸ்டில் மேல் தகடு ஓரத்தில் கழன்றது. மரத் தூளை அமுக்கிச் செய்த பலகை ஈரத்தை உறிஞ்சினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. நிலத்தில் படாத அலுமாரித் தட்டுக்கு அது சரி. கடலுக்கு அருகில், நிலத்தில் கால் ஊன்றி நிற்கும் மேசைக்கு வேண்டாம்.

தேக்கு நல்லது, அதன் எண்ணெய்த் தன்மையால் ஈரத்தைத் தாங்கும். பலாமரமும் மகோகனியும் நன்றாக நிற்கும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகக் கருஞ்சிவப்பாக மாறும், அந்த மாற்றத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். மொரட்டுவையில் தச்சுப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அளவைக் கொடுத்தால் செய்து தருவார்கள். பட்டறைப் பாஸிடம், அதாவது தலைமைத் தச்சரிடம், இரண்டு விஷயம் கேளுங்கள். மரம் நன்றாகக் காய்ந்ததா? ஆணிக்குப் பதிலாகப் பொருத்து வெட்டிச் சேர்ப்பாரா? திருகாணி வைத்தே ஆக வேண்டும் என்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304, 316 என்று தரம் உண்டு. கடற்காற்றுக்கு 316 தான் நிற்கும். அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பு அதை எளிதில் அரிக்காது.

பிரம்பு மேசையும் இந்தப் பாணிக்கு மிகவும் பொருந்தும், தூக்கவும் லேசு. கண்டி வீதியில் ரதாவடுன்னவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பிரம்புப் பொருட்கள் தொங்கும். பயணம் போகிறவர்கள் அளவை எழுதி எடுத்துப் போங்கள்.

காசு செலவழிக்காமல் ஒரு வழியும் உண்டு. பல வீடுகளில் அம்மாவோ அம்மம்மாவோ தைத்த பழைய சிங்கர் மெஷினின் இரும்புக் கால் மூலையில் கிடக்கும். அதன் மேல் 12 அங்குல அகலப் பலாப்பலகை ஒன்றை வைத்தால் அருமையான கொன்சோல் மேசை. காலில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் நன்றாகச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் எனாமல் இரண்டு கோட் அடியுங்கள். மிதிபலகையின் பூ வேலைப்பாட்டுச் சந்துகளில் பிரைமர் போகாத இடத்தில்தான் திரும்பத் துரு பிடிக்கும். அதற்குச் சின்னச் சித்திரத் தூரிகை வேண்டும்.

எந்த மேசையானாலும் கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் போடுங்கள். துடைக்கும் தண்ணீர் ஏறாது. மரம் சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டால் கறையான் வந்தாலும் உடனே கண்ணில் படும்.

மரத்தை வெளிற வைப்பது

கரையொதுங்கிய கட்டை வெயிலிலும் உப்பிலும் கிடந்து சாம்பலாக வெளிறும். அந்தத் தோற்றத்தை வீட்டிலேயே கொண்டுவரலாம். ஆனால் நல்ல தேக்கிலோ, தாத்தா காலத்து முதிரை மரத்திலோ இதைச் செய்யாதீர்கள். சாதாரண மரம், பழைய கதவுப் பலகை போன்றவற்றுக்கு மட்டும்.

முதலில் 120 இலக்கச் சாண்ட் பேப்பரால், பிறகு 240 இலக்கத்தால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல்களில் வெள்ளை தங்கி அசிங்கமாகத் தெரியும். தூசியை ஈரத் துணியால் எடுத்துக் காய விடுங்கள். வெள்ளை எமல்ஷன் பெயின்ற் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, ஒரு தடவைக்கு ஓரடி நீளம் மட்டும் பூசுங்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, பழைய பருத்தி பனியன் துணியால் ரேகையோடு இழுத்துத் துடையுங்கள். ரேகைக் குழிகளில் வெள்ளை தங்கும், மேட்டில் மரம் தெரியும். அடுத்த ஓரடிக்குப் போங்கள். முழுப் பலகையையும் ஒரே நேரத்தில் பூசிவிட்டுத் துடைக்கப் போனால் முதல் பகுதி காய்ந்து இறுகியிருக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, பளபளப்பில்லாத தண்ணீர் வார்னிஷ் இரண்டு கோட். இதற்கு நாள் பார்க்க வேண்டும். மழை ஈரம் நிற்கும் நாளில் பூச்சு சரியாகக் காயாது. லாக்கர் வகையானால் பால் மாதிரி வெளுத்தே விடும். கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும்தான் ஆகக் காய்ந்த மாதங்கள், இந்த வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்: கயிறு சுற்றிய கண்ணாடி

மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய பொருள் வேண்டும். படமும் மாட்டலாம். ஆனால் வெளிச்சம் குறைந்த நடையில் வட்டக் கண்ணாடிக்கு ஈடு இல்லை. அகலம் மேசையின் நீளத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் இருக்கட்டும். அடி விளிம்பு மேசையிலிருந்து 6 முதல் 8 அங்குலம் மேலே. மாட்டுவதற்கு முன் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, மாலை 5 மணி வெயில் அதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று பாருங்கள். செற்றியில் இருப்பவரின் கண்ணில் பட்டால் இரண்டு அடி நகர்த்துங்கள்.

சட்டத்தை நாமே செய்யலாம். கயிறு தேடிப் புறக்கோட்டைக்குப் போனபோது, கடையில் நின்ற பையன் என்னிடம் கேட்டான்:

"அக்கா, எதுக்கு? கட்டவா, அழகுக்கா?"

"கண்ணாடியைச் சுத்தி ஒட்ட, தம்பி."

"அப்ப நைலோன் எடுக்காதீங்க, வெயில்ல பளபளன்னு தெரியும். தும்புக் கயிறு எடுங்க. புதுசு கொட்டும். ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, வெயில்ல இழுத்துக் கட்டிக் காயவிடுங்க. முறுக்கும் போயிடும்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. மொட்டை மாடியில் இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காய்ந்த கயிறு, ஒட்டும்போது சொன்ன பேச்சுக் கேட்டது.

24 அங்குல வட்டக் கண்ணாடி, 28 அங்குல வட்டமாக வெட்டிய மெரைன் பிளைவுட், அரை அங்குலத் தடிப்புத் தும்புக் கயிறு. நான்கு சுற்றுக்குச் சுமார் 27 அடி போகும். 30 அடி வாங்குங்கள். கண்ணாடியைப் பலகையில் ஒட்ட சிலிக்கன் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். பிழியும்போது வினாகிரி மணக்கிற வகை, கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளிகள் விழச் செய்யும். மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டி ஒரு நாள் தட்டையாக வைத்த பிறகு, கண்ணாடி விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகக் கயிற்றைச் சுற்றி, மரப் பசையால் ஒட்டிக்கொண்டே போங்கள். தொடக்கத்தையும் முடிவையும் அடிப்பக்கம் வரும்படி வைத்து, சின்னப் பித்தளை ஆணி ஒன்று அடியுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியை மேற்கு வெயில் படும் சுவருக்கு நம்ப வேண்டாம், இளகும்.

பின்புறம் விளிம்பருகே நான்கு இடத்தில் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்றோடும். சுவரில் இரண்டு இடத்தில் பிளக் அடித்து மாட்டுங்கள். துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடியுங்கள். விளிம்பில் இறங்கும் ஈரம்தான் கண்ணாடியைக் கறுக்க வைப்பது.

மேசை மேல்: உயரம், நடு, தாழ்வு

இனி அடுக்கும் வேலை. மேசையை முழுதாகக் காலியாக்கித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

விரிப்பு போடுவதானால் கைத்தறிப் பருத்தி. அம்பாறை மாவட்டத்துக் கரையில் இருக்கும் மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர்; அங்கே நெய்த சாரத் துணியில் கோடு போட்ட நீலமோ பச்சையோ எடுத்து, நீளவாக்கில் வெட்டி ஓரம் அடித்தால் விரிப்பு தயார். துணிந்த நிறங்கள் வேண்டுமென்றால், பார்பரா சன்சோனி தொடங்கிய பெயர்ஃபுட் கைத்தறிக் கடை காலி வீதியிலேயே இருக்கிறது. விரிப்பு மேசையை முழுதாக மூடக் கூடாது, இரண்டு பக்கமும் மரம் தெரியட்டும்.

உயரமான பொருளை ஒரு ஓரத்தில் வையுங்கள், நடுவில் வேண்டாம். 24 முதல் 28 அங்குல உயர மேசை லாம்பு பொருத்தம். அடிப்பாகம் மண்ணோ கண்ணாடியோ மரமோ இருக்கட்டும், மூடி சணல் அல்லது பருத்தித் துணி. பல்ப் வாங்கும்போது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், மஞ்சள் வெளிச்சம் அதுதான். 6500 என்று இருந்தால் நீல வெள்ளை. கஷ்டப்பட்டுத் தெரிந்தெடுத்த மணல் நிறம் செத்துவிடும்.

லாம்புக்குப் பதிலாக அரிக்கன் லாம்பும் வைக்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் கையில் இருந்த பொருள் அது. 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு வந்தபோது பலர் பரணிலிருந்து இறக்கினார்கள். தகரத்தில் செய்ததால் துருப்பிடிக்கும், மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்துத் துடைத்து வையுங்கள்.

மறுபக்கத்தில் நடு உயரம். இதற்கு நான் எல்லோரிடமும் சிபாரிசு செய்வது இராவணன் மீசை. மணற்கரைகளில் வளரும் முள்ளுப் புல், காய்ந்ததும் அதன் பூங்கதிர் பந்து மாதிரிக் கழன்று காற்றில் உருண்டோடும். சின்ன வயதில் அதைத் துரத்தி ஓடாத கரையோரப் பிள்ளை இருக்காது. கழன்று உருளும் பந்தில் ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம், மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். பழைய கண்ணாடிப் போத்தலின் வாயில் அந்தப் பந்தை உட்கார வைத்தால், லாம்பு வெளிச்சத்தில் அதன் ஈட்டி நிழல்கள் சுவர் முழுக்கப் பரவும். வேறு எந்தப் பூங்கொத்தும் அப்படித் தெரியாது. முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை மெல்லத் தூவினால் உதிராது.

பச்சை வேண்டுமென்றால் பித்தளைச் செம்பில் மணி பிளான்ட், அல்லது மருள் செடி (ஸ்நேக் பிளான்ட்). தண்ணீரில் வைத்தால் வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீரை மாற்றி, செம்பின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டை ஒட்டி வைப்பது அந்தச் சுவரில்தான். கொழும்பில் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

தாழ்வான பொருளுக்கு வருவோம். தென்னம்பாளை விரிந்து முடிந்ததும் காய்ந்து விழும் மடலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் கூராக, நடு அகன்று, வெளிப்பக்கம் நீளக் கோடுகளோடு, அச்சு அசல் ஒரு வள்ளம். அதைக் கழுவி, நான்கு நாள் வெயிலில் காயவைத்து, உட்புறத்தை மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்தால் வெண்ணெய் நிறத்தில் வழவழப்பாக வரும். ஒரு கோட் வார்னிஷ். மேசையில் உருளாமல் இருக்க அடியில் இரண்டு சின்ன மரத்துண்டு ஒட்டுங்கள். திறப்பு, கரண்ட் பில், மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மேசையில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கடைக்குப் போய் வந்தவர் பையை வைக்க இடம் இல்லையென்றால், இரண்டு நாளில் அலங்காரம் எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டுவிடும்.

சிப்பி, சோகி, சங்கு

தனித்தனியாக ஐந்து சிப்பியை வரிசையாக வைத்தால் எடுபடாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்களே, சிப்பிக்கும் அதேதான். ஒரே வகையை, ஒரே நிறத்தை ஒரு கண்ணாடிச் சாடியில் நிறைத்து வையுங்கள். தாயம் விளையாடிய பழைய சோகிகள் வீட்டில் இருந்தால் அவற்றை ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பிள்ளைகள் எடுத்து உருட்டட்டும்.

கரையில் பொறுக்கினால், உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். துறவி நண்டு குடியிருக்கும் சிப்பியை எடுத்தால் அதன் வீட்டை எடுத்ததாகும். பவளப் பாறையைத் தொடவே வேண்டாம். உடைப்பதும் எடுப்பதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். ஆமை ஓட்டுக்கும் அப்படியே. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

பொறுக்கிய சிப்பியை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பழைய பற்பிரஷ்ஷால் தேயுங்கள். வினாகிரியோ எலுமிச்சையோ போட்டால் சுண்ணாம்பு கரைந்து மேற்பரப்பு மங்கிவிடும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், சில வாரத்தில் சிக்கு மணம் வரும். பேபி ஒயில் ஒரு துளி போதும்.

கடல் மணலைச் சாடியில் நிரப்பும் பழக்கமும் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, சாடியின் உட்புறம் வியர்க்கும். பக்கத்தில் இருக்கும் உலோகமும் கறுக்கும். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அரிதட்டில் அரித்துப் பாவியுங்கள். முன்பு எடுத்து வைத்த கடல் மணல் இருந்தாலும் அரித்துப் பாருங்கள். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்த பிறகு கரையெங்கும் ஒதுங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் சில அதில் கிடக்கலாம்.

சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பூசையில் ஊதும் சங்கையும் வலம்புரியையும் இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். செருப்புக்குப் பக்கத்தில், திறப்புக்கு நடுவில் அதற்கு இடமில்லை. அது சாமி அறையிலேயே இருக்கட்டும்.

மேசைக்குக் கீழே

கீழே வெறுமையாக இருந்தால் மேசை மிதப்பது போலத் தெரியும். இரண்டு பனையோலைக் கடகம் வையுங்கள். ஒன்றில் செருப்பு, மற்றதில் குடையும் கடைக்குக் கொண்டுபோகும் பைகளும். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லலாம், பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும். இரண்டும் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. ஈரச் செருப்பைக் கடகத்தில் போட்டால் ஒரு கிழமையில் பூஞ்சணம், ஆகவே அடியில் ஒரு கம்பித் தட்டு.

பக்கத்தில் ஒரு பித்தளைக் கொக்கி அடித்து உமல் ஒன்றை, அதாவது ஓலையில் பின்னிய பை ஒன்றை, தொங்கவிடலாம். என் வீட்டில் தொங்குவது அம்மம்மா பருத்தித்துறையில் மீன் வாங்கப் போன உமல். வாய் விளிம்பில் ஓலை கறுத்து, பிடிக்கும் இடம் கைபட்டு வழவழத்திருக்கிறது. இந்த மேசையின் நிறங்கள் எல்லாம் அதைப் பார்த்து எடுத்தவைதான்.

பருவத்துக்குப் பருவம்

ஆடிவேல் வரும்போது, தைப்பொங்கலுக்கு, கிறிஸ்மஸுக்கு, பெருநாளுக்கு முழு மேசையையும் மாற்றத் தேவையில்லை. நடு உயரப் பொருள் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறைகுடமோ நட்சத்திர விளக்கோ அந்த இடத்தில் வையுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை முதலில் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. வெறும் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் வார்னிஷைக் கீறும். பித்தளைக்குப் பழப்புளி தேய்த்து, நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, மெழுகு ஒரு கை. புளி மிச்சம் நின்றால் பச்சைக் கறை வரும். லாம்பின் பிளக்கையும் வயரையும் மாதம் ஒரு தடவை பாருங்கள். பிளக் காலில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

காற்று அடங்கியதும், ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் ஒரு வெயில் நாளில், எல்லாவற்றையும் இறக்குங்கள். விரிப்பைத் துவைத்து, சிப்பியைக் கழுவி, கடகத்தைக் காலை வெயிலில் கவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றிப் பின்புறத்தைத் துடைத்து, சுவரில் ஈரம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். உமலை மட்டும் நான் வெயிலில் போடுவதில்லை. பழைய ஓலை வெயில் பட்டால் மடிப்பில் உடையும். கதவுக்குப் பின்னால் நிழலில், காற்றுப் படும்படி ஒரு பகல் தொங்கவிட்டுத் திரும்பக் கொக்கியில் மாட்டுவேன்.